ஈரலுக்கு ஈரல்

7-3-1984, புதன்

தூக்கம் வரவில்லை. கையில் இன்னும் மிளகு வாசனை போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு வைத்துவிட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் பெரம்பலூர் டாக்டர் இவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது சதை இல்லம்மா, நீர் கோத்திருக்கு. குடிச்சுக் குடிச்சு ஈரல் தழும்பேறிச் சுருங்கிப் போச்சு. இனிமே ஒரு சொட்டு தொடக் கூடாது. சாப்பாட்டுல உப்பும் ஆகாது."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அழுதார். பிறகு எழுந்துபோய்க் கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கி வந்தார்.

"கால் ஒடிஞ்சா ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுக்கறோம்ல, அது மாதிரிதான். ஈரலுக்கு ஈரல்."

ஈரலை வாங்கிக் கழுவினேன். அரியும்போது ஈரல் வழவழவென்று கத்திக்கு வழிவிட்டது. இவருடையது எப்படி இருக்கும் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. உப்பில்லாமல் மிளகு மட்டும் தட்டிப்போட்டு வறுத்தேன். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். சப்பென்று இருக்கிறது என்று உப்பை அள்ளித் தூவினார்.

வெகு நாளைக்குப் பிறகு இவர் தட்டைக் காலி செய்தார். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்த இவர் தன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, வாராவாரம் இப்படி ஈரல் சாப்பிட்டா, ராத்திரிக்குக் கொஞ்சமா ஊத்திக்கலாம்ல?"

அத்தை கூடாது என்று சொல்லவில்லை. யோசித்தார்.