பழுப்பு என்று எழுதிய நாற்பத்தொன்று

பிப்ரவரி 6
பேருக்குத்தான் பூ; கடல் சாமந்தி ஒரு விலங்கு. அதன் பச்சைக்கு எந்த மரபணு காரணம் என்பது எங்கள் ஆய்வு. நிறம் குறிப்பது என் வேலை, பதினேழு வருடமாக. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதி, தாளைக் கவிழ்த்து வைப்போம். பிறகு ஒப்பிடுவோம். இன்று என் தாளில் நாற்பத்தொன்று பழுப்பு. புதிதாக வந்த பெண் அத்தனையையும் பச்சை என்று எழுதியிருக்கிறாள். சோடாபுட்டி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி’.

“இன்னொரு தடவ பாருங்கக்கா,” என்றாள். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

பிப்ரவரி 7
பேராசிரியர் விசாரித்தார். “அவளுக்குக் கவனம் போதாது சார்,” என்றேன். “உங்க கண்ணு மேல எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றார்.

பிப்ரவரி 10
கண்ணாடியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 15
மரபணு முடிவு வந்தது. அந்த நாற்பத்தொன்றிலும் பச்சைக்கான மரபணு இருக்கிறதாம், அதுவும் பல பிரதிகள். பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. “மரபணு இருந்தும் நிறம் வரல. ஏதோ ஒண்ணு அதை அடக்கி வைக்குது. இது பெரிய விஷயம்.” கட்டுரையில் என் பெயரும் வருமாம்.

கண்ணாடி எழுதிய தாளைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன்.

மார்ச் 16
தங்கை வந்திருந்தாள். அந்தப் பழுப்புத் துண்டை எடு என்றேன்.

“உன் வீட்டுல பழுப்புத் துண்டே இல்லையேக்கா. இது பச்ச.”

மார்ச் 21
கண் டாக்டர், நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். ஒன்றிலும் எண் தெரியவில்லை. “நரம்புல கோளாறு. மெதுவா வந்திருக்கு, அதான் உங்களுக்கே தெரியல.” சரியாகுமா என்றேன். அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

மார்ச் 22
வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது — எனக்குத் தெரியுமே. சே, என்ன பொம்பள நான். ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, அவ கண்ணக் குறை சொல்லிட்டு...

மார்ச் 24
சொல்லிவிட்டேன். பேராசிரியர் என் தாளை வாங்கி அந்த நாற்பத்தொன்றையும் அடித்தார். கட்டுரை இல்லை. மாலையில் கண்ணாடிக்குப் போன் செய்தேன்.

“அப்பவே சொன்னேனே. நீங்க திரும்பிக்கூடப் பாக்கலயே.” அக்கா என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 18
என் நாற்காலியில் இப்போது கண்ணாடி. எனக்குத் தொட்டி கழுவும் வேலை. மூன்று முறை தேய்த்தும் பாசி போனதா என்று தெரியவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

முதலில் தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எட்டிப் பார்த்து, “இன்னும் இருக்கு,” என்றாள்.

மறுபடியும் தேய்த்தேன்.