காதுக்காரர் மாட்டிய சைலன்சர்

மார்ச் 2, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது. பைக்கின் பழைய சைலன்சர் அடிப்பக்கம் துருவேறி ஓட்டையாகிவிட்டது, கம்பெனி சாமான் இனி வராது என்று மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். அதனால் வெளிக்கம்பெனி சைலன்சர். இது நியாயமான காரணம். 'கம்பீரமான ஓசை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது இன்னொரு காரணம். அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்காரி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பகல் பூரா ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு, சத்தம் ஆகாது, காது போயிடும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்க. சாயங்காலம் வந்து இதை மாட்டுவீங்களாக்கும்?"

பத்தொன்பது வருடங்களாகக் காது பரிசோதிக்கிறவன். பெட்டியில் வந்த விளக்கத் தாளை மும்முரமாகப் படித்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்.

மார்ச் 8, சனி

பழைய சைலன்சரின் நட்டு அசையவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறப் போட்டிருக்கிறேன். நானும் சோபாவில் ஊறுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் மாட்டித் தருகிறேன் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் இப்படியொரு வீறாப்பு.

இன்ஜினிலிருந்து இறங்கும் வளைந்த குழாய், அதன் வாயில் புகை கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் வளையம், இரண்டு நட்டு. குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் சூடு தாங்கும் பேஸ்ட், மேலே இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். எழுதினால் இரண்டு வரி. செய்ய நான்கு மணி நேரம், கையில் மூன்று கீறல்.

ஸ்டார்ட் செய்தேன். தும் தும் தும் — ஆகா! கூடவே, டிக் டிக் டிக் டிக்.

எதிர்வீட்டுத் தபால்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வண்டிக்குள்ள யாரோ டைப் அடிக்கிறாங்க?"

புகை எங்கோ கசிகிறது. வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு. கும்முனு."

"அந்த டிக் டிக்?"

"எந்த டிக் டிக்?"

இருபத்தாறு வருட தாம்பத்தியத்தில் என்மேல் இவ்வளவு இரக்கம் காட்டி நான் பார்த்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

குளியலறையிலிருந்து மூன்று முறை துண்டு கேட்டேன். கண்டுகொள்ளவே இல்லை. சைலன்சர் கோபம் போலிருக்கிறது. சட்டையால் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

இணைப்பில் இன்னும் நிறைய பேஸ்ட் அப்பினேன். கேக்குக்கு க்ரீம் தடவுவதுபோல. ஒரு நாள் காயவிட வேண்டுமாம். மெக்கானிக் ஒரு யுக்தி சொன்னார்: ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் மேல் நகர்த்த வேண்டும். கசிகிற இடம் தானே காட்டிக் கொடுக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

பேஸ்ட் காய்ந்தும் அதே டிக் டிக். நான் ஆக்சிலேட்டரை முறுக்க, இவள் கையில் ரப்பர் குழாயைக் கொடுத்தேன். இன்ஜின் வாயருகே பிடித்தாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. மறுபடி அவளிடம் கொடுத்தேன். "கேக்குதா?" என்றேன். தலையாட்டினாள். ஆனால் அவள் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினை அணைத்தேன். அவளுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணமாகச் சொன்னேன்: "போதும், குடு."

அவள் திரும்பவில்லை.

அடப்பாவி. துண்டு. அன்னிக்கு துண்டு கேட்டேனே! பத்தொம்போது வருஷமா ஊரான் காதையெல்லாம் பாத்தியே, வீட்டுல என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். காதில் ஹெட்போன், கையில் பட்டன். கனத்த ஓசைகளுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினாள். கீச்சென்ற சன்ன ஓசைக்கு வந்தேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் — நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து.

பாட்டில் ஆலையில் இவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. கண்ணாடியோடு கண்ணாடி மோதும் சத்தம். வரைபடத்தில் கோடு மாடிப்படியில் உருண்டு விழுந்ததுபோல் இறங்கியது.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வேலையை விடச் சொல்லுவீங்க. வீட்டுலயும் டோக்கன் போட்டு உக்கார வெச்சுப் பாடம் எடுப்பீங்க." பட்டனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னும் இருந்தேன்."

மார்ச் 19, புதன்

துண்டை நானே எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

மார்ச் 23, ஞாயிறு

சைலன்சரைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். ஓடி வந்தாள்.

"எதுக்குக் கழட்டுறீங்க? தெருமுனையில நீங்க திரும்புறது இப்பத்தான் எனக்குக் கேக்குது. அதையும் பிடுங்கணுமா?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அவளோ, "அழுறதுன்னா பேஸ்ட் மேல அழாதீங்க, காயாது," என்றாள்.

ஆகவே கசிவைத் தேடினோம். வளைந்த குழாயை இறக்கி, இன்ஜின் வாய்க்குள் டார்ச் அடித்தாள். உள்ளே கரிபிடித்துப் பழைய கேஸ்கெட் வளையம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே நான் புதியதை வைத்து முறுக்கியிருக்கிறேன்! இன்னொரு வளையம் வாங்கப் போனபோது மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழையதை நெம்பி எடுத்து, வாயைச் சுத்தம் செய்து, இன்னொரு புது வளையம் போட்டேன். இணைப்பில் பழைய பேஸ்டையெல்லாம் சுரண்டிவிட்டு மெல்லிய பூச்சு. சைலன்சரோடு வந்த ஓசை குறைக்கும் அடைப்பையும் செருகினேன். தும் தும் இருக்கிறது, தெரு தாங்குகிற அளவில்.

ஒப்பந்தம்: நான் வேலையை விடச் சொல்ல மாட்டேன். அவள் பேக்கிங் பிரிவுக்கு மாறுவாள், ஆலையில் காதுக்கு மூடி போடுவாள், மற்ற நேரம் காது கேட்கும் கருவி மாட்டிக்கொள்வாள்.

ஏப்ரல் 5, சனி

கருவி மாட்டிய முதல் நாள். தண்ணீர்க் குழாய் இவ்வளவு கத்துமா என்றாள். காகிதத்துக்குச் சத்தம் உண்டா என்றாள். சாப்பிடும்போது என்னையே வெறித்துப் பார்த்தாள்.

"இப்படித்தான் எப்பவும் மெல்லுவீங்களா?"

ஏப்ரல் 6, ஞாயிறு

வண்டியைக் கிளப்பினேன். சுத்தமான ஓசை. பெருமையோடு அவளைப் பார்த்தேன்.

"டிக் டிக்னு இருக்கேங்க."

"இல்லையே."

"இருக்கு. மெல்லிசா. கிளாம்ப் போட்ட இடத்துல."

அணைத்து, ஆறவிட்டு, இணைப்பில் சோப்பு நுரை தடவி மறுபடி கிளப்பினேன். கடுகளவு ஒரு குமிழி எழுந்து உடைந்தது. கிளாம்பை முறுக்கினேன். அவள் சோப்புக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 19, சனி

இன்று பாட்டில் ஆலையிலிருந்து பதினொரு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இவள்தான் கூட்டி வந்தாள். இரண்டு பேர் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே வந்திருந்தார்கள். தன் கருவியைக் கழற்றிக் காட்டி, மறுபடி மாட்டி, அவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

முதலில் வந்த அம்மாவை உட்கார வைத்து வழக்கம்போல ஆரம்பித்தேன். மெதுவாகத்தான்.

"பாருங்கம்மா, சத்தம்னா என்ன தெரியுமா..."

வெளியே வரிசையின் கடைசியிலிருந்து இவள் குரல்:

"எனக்குக் கேக்குதுங்க!"

பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த அம்மாவின் கையில் பட்டனைக் கொடுத்தேன்.