மருந்து இன்னும் என் உடலைவிட்டு இறங்கவில்லை

அனுப்புநர்:
பேருந்து ஓட்டுநர்,
சன்னலோரக் கட்டில்,
மருந்துப் பரிசோதனை விடுதி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருந்துப் பரிசோதனை நெறிமுறைக் குழு.

பொருள்: என் இரத்தத்தில் மருந்து தங்கியிருக்கும் காரணம் தெரியும்வரை, அடுத்த குழுவினருக்கு அதே மருந்தை இருமடங்காகக் கொடுப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நோய் எதுவும் இல்லாத நான், புதிய வலி மாத்திரை ஒன்றின் பரிசோதனைக்கு விரும்பித்தான் சேர்ந்தேன். கையில் ஊசிக்குழாய் பொருத்தி, மாத்திரை கொடுத்து, விட்டுவிட்டு இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரையும் பாட்டிலில் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். மருந்து இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்ப்பதற்காகவாம்.

2. என்னோடு விழுங்கியவர்களுக்கெல்லாம் மருந்து இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கை இது. இப்போது தண்ணீர் டம்ளரைப் பிடிக்கக்கூட நடுங்குகிறது. டாக்டரைக் கேட்டால், “மருந்து இன்னும் உங்க உடம்புல சுத்திக்கிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்கிறார். எவ்வளவு, ஏன் என்று சொல்வதில்லை.

3. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சேரும்போது சொல்லியிருந்தார்கள். விலகுகிறேன் என்றேன். மேலாளர், “தாராளமா போங்க, கதவு திறந்துதான் இருக்கு. வெளியில ஏதாவது ஆச்சுன்னா எங்ககிட்ட வராதீங்க” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கதவுவரை போனேன். எனக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இங்கே மட்டும்தான் இருக்கிறார்கள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

4. இன்று காலை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் மனைவியின் தம்பியைப் பார்த்தேன். இதே மாத்திரையை இருமடங்காக விழுங்கப்போகும் அடுத்த குழுவில் சேர்ந்திருக்கிறான். “மாமா, நீங்க இன்னும் போகலையா? எல்லாருக்கும் நல்லா ஒத்துக்கிச்சுன்னு சொன்னாங்களே” என்றான். நான் வாய் திறப்பதற்குள் அவனை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அவன் போன் அணைந்திருந்தது. அவன் இங்கே இருப்பதை மனைவியிடம் போனில் சொன்னேன். “ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துருங்க” என்றாள். நானே வரமுடியாமல் கிடப்பதை எப்படிச் சொல்வேன்?

5. என் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை எனக்குப் புரியும்படி சொல்லச் செய்யுங்கள். நான் வெளியேறினாலும் சிகிச்சை உண்டு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடுத்த குழுவினரிடம் என்னைப் பற்றிய உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை அவர்களுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தி வையுங்கள்.

நாளைக் காலை வெறும் வயிற்றில் அவர்களுக்கு மாத்திரை கொடுப்பார்கள். என் காரியம் தாமதமானால் காத்திருக்கிறேன், அம்மா. அவன் விழுங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இடம்: பரிசோதனை விடுதி
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பேருந்து ஓட்டுநர்