பிக்கப்பில் இல்லாத இடம்

இஞ்சாருங்கோ,

இன்றைக்கும் வாசல் படலையில் ஹோர்ன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு கட்டை. அடுப்பில் கணவாய்க் கறி வற்றிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பாலும் தூளும் சேர்ந்த அந்த மணம் குசினி முழுக்க நின்றது. ஒரு கணம் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் இல்லை, ரூபன். உங்களோடு பக்கத்தில் இருந்து ஓடித் திரிந்துவிட்டு, நீங்கள் போன பிறகு உங்கள் பிக்கப் வண்டியை வாங்கிய மனுசன். நீங்கள் ஹோர்ன் அடிக்கும் விதத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். தீவு பார்க்க வந்த சனத்துக்கு மத்தியானச் சோற்றுப் பாசல் எடுக்க வந்தவர். கொடுத்து அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது. இது அழுகிற மடல் என்று நினைக்காதேயுங்கோ. எனக்கு உங்களோடு கோபம்.

செத்த மனுசனோடு என்ன கோபம் என்று பிறந்த ஊர் சரவணையிலிருந்து தங்கச்சி போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள். உயிரோடு இருந்த மனுசனோடு கோபிக்க எனக்கு எங்கே நேரம் கிடைத்தது? விடிய முதல் வள்ளத்துக்கு இறங்குதுறைக்குப் போனால், பின்னேரக் கடைசி வள்ளத்தில் சனத்தை ஏற்றிவிட்டுத்தான் வருவீர்கள். நாள் முழுக்கத் தீவு பார்க்க வந்தவர் போனவருக்கெல்லாம் கதை சொல்லித் தொண்டை கட்டியிருக்கும். வீட்டுக்கென்று மிச்சம் இருப்பது "தேத்தண்ணி" என்ற ஒரு சொல். நல்ல நாளென்றால், "இண்டைக்குக் கணவாய் திறமாம்" என்று இன்னும் கொஞ்சம்.

ஆனால் சாட்டிக் கடற்கரையில் உங்களுக்குத் தொண்டை கட்டவில்லை. கலியாணம் முடிந்த கிழமை அது. சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிய காலம். ஐஸ்பழம் உருகி என் கையெல்லாம் ஒழுகியது. நீங்கள் அதைக் கவனிக்காமல் கடல் பக்கம் கையை நீட்டி நீட்டி நெடுந்தீவைச் சொன்னீர்கள். அங்கே மதில் எல்லாம் பவளக்கல்லாம், சாந்து பூசாமல் அடுக்கி வைத்ததாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகள் புல்வெளியில் கூட்டம் கூட்டமாய்த் திரியுமாம். பெருக்கு மரம் ஒன்று நிற்குமாம், அதன் வயிற்றில் பெரிய பொந்தாம், மழை பெய்தாலும் உள்ளே இரண்டு பேர் நனையாமல் இருக்கலாமாம். வருசா வருசம் வளரும் ஒரு கல்லும் இருக்கிறதாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். "வாருமன், எல்லாம் சுத்திக் காட்டுறன். உமக்கு ஒரு நாள் காணாது," என்றீர்கள். உண்மையைச் சொன்னால், பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு உங்களில் அவ்வளவு பிடிப்பு வரவில்லை. சாட்டியில்தான் வந்தது. நான் அந்த மரத்துக்கும் குதிரைக்கும்தான் வாழ்க்கைப்பட்டேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

சுற்றிப் பார்க்கிற அன்றைக்குக் கட்ட என்று அம்மா வாங்கித் தந்த நீலச் சீலையை மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி, வழி முழுக்கச் சத்தி எடுத்து வந்து இறங்கினேன். இறங்குதுறைக்குக் கிட்ட ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு தெரிந்தது. அதென்ன என்று கேட்டேன். "அது ஆறுதலாப் பாப்பம், நீர் களைச்சுப்போனீர்," என்று நேரே வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அந்த ஆறுதல் முடியவேயில்லை. பழையபடி சண்டை தொடங்கியது, நிலைமை சரிவரட்டும் என்றீர்கள். நியாயம்தான். மகள் பிறந்தாள், அவள் நடக்கத் தொடங்கட்டும் என்றீர்கள். அதுவும் நியாயம்தான். சண்டை முடிந்து தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வள்ளம் வள்ளமாக வரத் தொடங்க, மாடுகளை விற்றுப் பிக்கப் வாங்கினீர்கள், பின்னால் சனம் இருந்து போகப் பலகை வாங்கு அடித்தீர்கள். இனி என்ன, வாகனம் வீட்டு வாசலில் நிற்கிறது என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். அப்போதுதான் எனக்கு இடம் இல்லாமல் போனது. சனி ஞாயிறில் சனம் நிரம்பிவிடும். கிழமை நாளில் டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும். பிறகு டீசலே கிடைக்காத காலமும் வந்தது. எப்போது கேட்டாலும் ஒரே சிரிப்பு, ஒரே பதில். "மரம் ஓடப்போகுதே? கோட்டை ஓடப்போகுதே? எல்லாம் இஞ்சைதானே கிடக்கு."

இந்தத் தீவில் எனக்குத் தெரிந்தது வீடு, கோயில், மகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கோட்டையின் இடிந்த சுவர் தெரியும். மகளுக்குக் காய்ச்சல் என்று போய் நிற்கும்போது அதைப் பார்ப்பேன், உள்ளே போனதில்லை. தனியே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்த மனுசன் உயிரோடு இருக்க, நான் ஏன் களவாய்ப் போய்ப் பார்ப்பது போலத் தனியே போகவேண்டும்? எனக்கும் ரோசம் இருக்கிறது.

ஒரு நாள் மட்டும் ரோசத்தை விட்டேன். வள்ளத்தில் அன்றைக்குச் சனம் குறைவு என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். வந்த சனத்துக்கான சாப்பாட்டை அவசரமாகச் சமைத்துக் கட்டிவைத்துவிட்டுத் தலைக்கு முழுகினேன். நீலச் சீலையைக் கட்டி, பாசல் பையோடு படலையில் போய் நின்றேன். பிக்கப் வந்தது. பின் வாங்கில் பாதி வெறுமை. கண்ணால் பார்த்தேன். நீங்கள் இறங்கிவந்து பையை வாங்கினீர்கள். பிறகுதான் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சனத்துக்கும் கேட்கும்படி, "எங்கை வெளிக்கிட்டு நிக்கிறீர்?" என்றீர்கள். கோயிலுக்கு என்றேன். "அப்ப கெதியாப் போட்டு வாரும், வெயில்," என்று சொல்லி வண்டியை எடுத்தீர்கள். சொன்ன பொய் பொய்யாகக் கூடாது என்று கோயிலுக்கு நடந்தேன். நடை சாத்திக் கிடந்தது. வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து சீலையை மாற்றினேன்.

பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். வள்ளத்தில் ஏற்றினோம், யாழ்ப்பாணம் போய்ச் சேரமுதல் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பார்த்து நானே திகைத்துப்போனேன். இறங்குதுறையில் பெரிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள், தொப்பி போட்ட உங்கள் படத்துக்குக் கீழே "நெடுந்தீவை உலகுக்குக் காட்டியவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதி. வாசித்த ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து அதையே சொன்னார்கள். உலகத்துக்குக் காட்டினீர்கள், ஓம். மரமும் ஓடவில்லை, கோட்டையும் ஓடவில்லை. காட்டுகிறேன் என்றவர்தான் ஓடிப்போனீர்கள்.

அந்தக் கோபம் என்றால் ஆறியிருக்கும். ஒரு வருசத்து ஆட்டைத் திவசத்தோடு பாதி ஆறியும்விட்டது. மிச்சத்தைக் கேளுங்கோ.

இந்த வருசம் மாரி முடிந்த கையோடு, ஒரு நாள் பாசல் எடுக்க வந்த ரூபன், "அக்கா, முன்னுக்கு ஒரு இடம் கிடக்கு. வாறியளே?" என்று கேட்டார். அந்தப் பிக்கப்பில் இடம் கிடக்கு என்று ஒரு ஆள் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். வந்த சனத்தை வெயிலில் காக்கவைத்துவிட்டு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். நீலச் சீலை பூச்சி உருண்டை மணத்தோடு அப்படியே கிடந்தது. அதற்கென்று தைத்த பிளவுஸ் முழங்கைக்கு மேலே ஏறமாட்டேன் என்றது. கறுப்புப் பிளவுஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

நீங்கள் சாட்டியில் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மழை பெய்து புல்வெளி பச்சையாகக் கிடந்தது. குதிரைகள் மெலிவுதான், ஆனாலும் எங்களைக் கண்டதும் கூட்டமாக எழும்பி ஓடியபோது என் நெஞ்சும் கூடவே ஓடியது. பவளக்கல் மதில்களில் பூ வரி பூ வரியாக ஏதோ எழுதிக் கிடந்தது. இவ்வளவு காலமும் எங்கள் வீட்டு மதிலில் துணி காயப்போட்டிருக்கிறேன், ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பெருக்கு மரத்தடியில் மற்றவர்கள் வெளியே நின்று படம் எடுக்க, நான் குனிந்து பொந்துக்குள் போனேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். அதற்குள் நின்று அழுதேன். உங்களுக்காக நான் கடைசியாக அழுதது அங்கேதான்.

அங்கிருந்து வளரும் கல்லுக்குப் போனோம். ரூபன் இரண்டு வசனத்தில் விசயத்தை முடித்துவிட்டு, எல்லாரையும் ஏறச் சொன்னார். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு ஐயா மறித்தார். அவர் உங்கள் காலத்திலும் ஒருமுறை வந்தவராம். பழைய டிரைவர் இந்த இடத்தில் தன் மனுசியைப் பற்றி ஒரு கதை சொல்லுவாரே, அது எங்கே என்று கேட்டார். அவருடைய மனைவி கேட்கமுதலே சிரிக்கத் தொடங்கிவிட்டா. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர் அக்கா ஒருவர் என்றுதான் ரூபன் சொல்லியிருந்தார். அது பழைய கதை, நேரம் போகுது என்று ரூபன் இழுத்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"சொல்லும் தம்பி," என்றேன். "நானும் கேட்டதில்லை."

ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கல்லு வருசா வருசம் வளருது, ஆனா இருந்த இடத்தை விட்டு அசையாது. எங்கட வீட்டிலையும் இப்பிடி ஒண்டு கிடக்கு. உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அதுதான் சமைக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் தொடங்குவீர்களோ, அப்படியே ரூபனும் நிறுத்தித் தொடங்கினார். எத்தனை தரம் கேட்டால் அப்படிப் பாடமாகும்! அந்த ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மனுசி இப்போதும் இருக்கிறாவோ என்று கேட்டார். "இருக்கிறா," என்றேன். "இஞ்சைதான் நிக்கிறா."

பாவம், அந்தச் சனம் என்ன செய்யும். ஐயாவின் முகம் செத்துப்போனது. மனைவி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டா. அவர்களுடைய மகள்காரிதான், நிலைமையைச் சமாளிக்க நினைத்தாளோ என்னவோ, "அன்ரி, கல்லுக்குப் பக்கத்திலை ஒரு படம் எடுப்பமா?" என்று கேட்டாள். போய் நின்றேன். கல் என்னைவிடக் குட்டை. நீலச் சீலையோடு, கறுப்புப் பிளவுஸோடு, உங்கள் கல்லும் நானும் இப்போது யாரோ ஒருத்தியின் போனுக்குள் கிடக்கிறோம்.

பகிடிக்காக எனக்குக் கோபமில்லை. நான் பெருத்துப்போனது உண்மை, பிளவுஸே சொல்லிவிட்டது. வீட்டில் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அகப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன், பிறகு நானும் சிரித்திருப்பேன். கல்லடியில் நின்றபோது வேறொன்று விளங்கியது. பின் வாங்கில் பாதி வெறுமையாக இருந்த அன்றைக்கும் எனக்கு ஏன் இடமில்லை என்பது. நான் ஏறியிருந்தால் அந்தப் பகிடியைச் சொல்ல ஏலாது. அசையாத மனுசி ஒன்று வீட்டில் இருந்தால்தான் கல்லடியில் சனம் சிரிக்கும். நான் அசையவில்லை என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னீர்கள். அசையவிடாமல் வைத்திருந்தவர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கோயிலுக்கு என்று நான் பொய் சொன்னேனே, அன்றைக்கும் அங்கே போய் அதைச் சொல்லியிருப்பீர்கள். நான் சாத்திய நடைக்கு முன்னால் நின்ற நேரமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரூபன் என்னைப் படலையில் இறக்கிவிட்டுச் சொன்னார்.

"அக்கா, இனி அந்தக் கதையைச் சொல்லமாட்டன்."

"இல்லைத் தம்பி, சொல்லும்," என்றேன். "சனம் சிரிச்சு முடிஞ்சாப் பிறகு, அந்த மனுசியை டிரைவர் அண்ணை ஒருநாளும் இஞ்சை கூட்டிக்கொண்டு வரேல்லை எண்டதையும் சொல்லும்."

சொல்கிறாராம். சிரித்த சனம் அதற்குப் பிறகு கோட்டை வரும் வரைக்கும் கதைப்பதில்லையாம். பாசலைப் பிரித்துச் சாப்பிடும்போதும் சத்தம் குறைவாம். இது எனக்குச் சந்தோசமா என்று தங்கச்சி கேட்டாள். ஓம் என்றேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தப் பிளவுஸின் தையலைப் பிரித்துப் பெருப்பிக்கலாம் என்று மகள் சொல்கிறாள். வேண்டாம் என்று விட்டேன். அது எந்த நாளுக்குத் தைத்ததோ அந்த நாள் வரவில்லை. இருந்த அளவிலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விட ஏலாமல் இருக்கிறது. இன்றைக்கும் பாருங்கோ, இரண்டு நீளம், ஒரு கட்டை என்று அந்த ஹோர்ன் கேட்டதும் என் கை பாசல் பைக்குப் போகவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும், இந்தக் கிழட்டுக் கை முதலில் தலைமயிரைத்தான் ஒதுக்கியது.