மணல்மூட்டை வாங்கிய சர்டிபிகேட்

12-6-1938
ஒன்பதாவது தடவையும், ஆளுக்குப் பதிலாக ஏற்றிய மணல்மூட்டை பத்திரமாகப் பறந்து இறங்கியது. குத்தாலிங்கம் அண்ணன் மூங்கிலாலும் அப்பாவின் வேட்டிகளாலும் கட்டிய இஞ்சின் இல்லாத விமானம் இது. பொத்தைக் குன்றின் உச்சியிலிருந்து ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். சர்க்கார் ஆள் கையெழுத்துப் போட்டால்தான் மகன் ஏறலாம் என்பது அப்பாவின் சட்டம். ஆகவே பாலம் கட்டும் ஓவர்சியர் மைதீன் அண்ணாச்சி பத்துச் சோதனை வைக்கிறார். எல்லாமே காலையில், குற்றாலத்துக் காற்று எழும்புமுன். அப்புறம் அவருக்கு ஆபீஸ்.

14-6
பத்தாவதும் பாஸ். கணக்கில் நான் ஒருநாளும் வாங்காத மார்க்கை மூட்டை வாங்கிவிட்டது.

15-6
பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தேன். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகுமாம். அப்புறம் விமானமும் கல்லும் ஒன்றுதான். பத்தில் ஒரு தடவையாவது மூக்கைத் தூக்கிப் பார்த்தோமா? என் நோட்டில் இல்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏட்டி, முப்பது பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணாவது மூக்கைத் தூக்குச்சா?"

19-6
அண்ணன் ஏறியதும் அம்மா வாலில் திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டிவிட்டாள்! வால் கனத்தால் மூக்கு எழும்பும் என்று கத்தினேன்.

"மூட்டைக்கு எவ கண்ணு வைப்பா? இவன் எம் புள்ள. ஊரே பாக்குது."

அண்ணனோ, "சர்டிபிகேட் இருக்குல்லா, சும்மா கெட" என்றான்.

கயிற்றை இழுத்தார்கள். மூக்கு மேலே, இன்னும் மேலே — ஐயோ, அந்தரத்துல நிக்குதே! ஊர் கை தட்டுது. கூறுகெட்டவங்களா, அது பறக்கல, விழப்போகுது! மூக்கை இறக்குன்னு கத்துனேன். பயத்துல இன்னும் தூக்கிட்டான்.

20-6
அண்ணன் விழுந்தது நாற்றங்கால் சேற்றில், அதனால் தோள் எலும்பு ஒன்று முறிந்ததோடு போயிற்று. பூசணிக்காய்க்குக் கீறல்கூட இல்லை. "காயாலதான் உசுரு தப்புச்சு," என்கிறாள் அம்மா. "நான் பாஸ் பண்ணுனது மூட்டையைத்தானே," என்கிறார் அண்ணாச்சி.

21-6
அண்ணனுக்கு நான் சோறு ஊட்டினேன். மூன்றாவது உருண்டையில், "ஏட்டி, ஒன் நோட்டைக் கொண்டா" என்றான்.

31-7
ஒட்டுப்போட்ட விமானம் மறுபடி பொத்தையில். நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சியே புதுச் சோதனைகளை எழுதினார். முதலாவது: பூசணிக்காயுடன், சாரல் காற்றில், மூட்டை மட்டும். அடியில் கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டார். ஒன்று எனக்காம்!

மூட்டை இன்று ஏழு தடவை விழுந்தது. அண்ணன் கெஞ்சுகிறான். நான் பேனாவைத் திறக்கவில்லை.