அண்ணன் மடி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜீவிதா அக்கா வந்துவிட்டுப் போனாள். அவள் மகள் அனிஷாவுக்குக் காதுகுத்து செப்டம்பர் எட்டாம் தேதி, குலதெய்வக் கோயிலில். பழனிக்குமார் அண்ணன் போன மாதமே தோடு வாங்கி வைத்துவிட்டான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். அனிஷாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"காது குத்துனா ரத்தம் வருமே. அண்ணன் மடியில வச்சா ஒண்ணும் ஆகாதுல்ல? நீதான படிச்சவ."

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். பிறகு, "ஆனா..." என்றும் சொன்னேன்.

ஆனா என்ன? எனக்கே தெரியவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5

எச்.ஐ.வி. பரவும் வழிகள் — இரண்டாம் ஆண்டு விலங்கியல் தேர்வில் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண். தொடுவதால் பரவாது என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா அண்ணனிடம் சொல்லிவிட்டாள். நட்சத்திரம் ஒத்துவரவில்லையாம். பெரியப்பா மகன் மொக்கைச்சாமி மடியில் வைத்துக் குத்தலாம் என்று ஜோசியர் சொன்னாராம். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தட்டு தனி. நான்கு வருடத்துக்கு முன்னால், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே அவனாக எடுத்து வைத்துக்கொண்டது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவனுக்கு எப்படி வந்தது என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. நானும்தான். அத்தான் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அதுவும் நல்லதுதேன். அன்னைக்கு எனக்கு ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி லோடு இருக்கு. விருந்துல ஒரு ஆள் கறி மிச்சம்" என்றான். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வரும் லோடு இன்றைக்கே எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாத்திரை வாங்க அண்ணன் திண்டுக்கல் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். யாராவது பார்த்தால் என் பெயரும் சேர்ந்து அடிபடுமாம்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஆலோசகர் ஜோஸ்பின் மேடம் இருந்தார். கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே வாய் வராது எனக்கு. அண்ணன் வரிசையில் நின்ற நேரத்தில் எப்படியோ கேட்டுவிட்டேன் — மடியில் வைத்துக் காது குத்தினால்?

மேடம் சிரிக்கவில்லை. "மாத்திரை ஒழுங்காப் போடுறவங்களுக்கு டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக்கூடக் கிருமி குறைஞ்சிரும். அத விடு, மடியில ஒக்காந்தா எப்படிம்மா ஒட்டும்? ஊசி புதுசா இருக்கணும். அது எந்தப் பிள்ளைக்கும்தான்."

பிறகு என்னையே பார்த்தார். "இது ஒனக்கு முன்னாடியே தெரியும் போலயே. பெறகு என்ன பயம்?"

அதற்குள் அண்ணன் மாத்திரையோடு வந்துவிட்டான். தெரிந்தும் வருவது என்ன பயம்?

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு போன் செய்து மேடம் சொன்னதைச் சொன்னேன்.

"அன்னைக்கு நீதான ஆனான்னு இழுத்த? இப்ப மொக்கைச்சாமி அண்ணனுக்கு வேட்டி சட்டையே எடுத்தாச்சுடி" என்றாள். அப்புறம் அந்த மேடம் நம்பரை அனுப்பச் சொன்னாள்.

அனுப்பினேன். பேசினாளா? தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று அக்காவின் மாமியார் மூன்று தடவை கேட்டார். அண்ணனின் சீர்த்தட்டு வந்தது, அண்ணன் வரவில்லை. மொக்கைச்சாமி அண்ணன் மடியில் அனிஷா கத்தித் தீர்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அண்ணனுடைய லோடு வண்டி காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தூக்குவாளியில் கொண்டுவந்த கறிச்சோற்றை அவன் தட்டில் போட்டேன்.

"அழுதாளா?"

அழவில்லை என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன்?

செப்டம்பர் 19

அனிஷாவுக்கு இடது காது சீழ் பிடித்துவிட்டது. தோட்டைக் கழற்றியாயிற்று. சொந்தத் தாய்மாமன் மடியில் குத்தாவிட்டால் இப்படித்தான் என்கிறாராம் மாமியார்.

அக்டோபர் 6

காது ஆறிவிட்டது. துளை தூர்ந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் அக்கா அண்ணனுக்கே போன் செய்தாள். இடது காது மறுபடி குத்த வேண்டும், திண்டுக்கல்லில் ஆசாரி கடைக்கு வா என்று. மாமியார் சொன்னதற்காகவா, மேடம் சொன்னதற்காகவா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மேளம் இல்லை, விருந்து இல்லை. ஆசாரியும் நாங்களும்தான். ஸ்டூலில் அண்ணன் உட்கார, அக்காவே பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ஆசாரி புது ஊசியைப் பிரித்துக் காட்டினார்.

குத்தியதும் ஒரு சொட்டு ரத்தம் அண்ணன் சட்டையில் விழுந்தது. அவன் சட்டென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். பிள்ளை மடியிலிருந்து சரிந்தாள்.

"கைய எடுக்காதண்ணே" என்றாள் அக்கா. "கெட்டியாப் பிடி."

பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை அவனே ஊறப்போட்டான். அவன் துணியை அவன்தான் துவைப்பான். இன்று நான் வாங்கிக்கொண்டேன். வாளி முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு அக்காவிடம் 'ஆனா' என்று இழுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் புள்ள" என்றான். "பிரஷ் போடாத, சாயம் போயிரும்."