பத்துமலையின் குளத்தில் முக்குளிப்பான்

8 ஏப்ரல் 1979, ஞாயிறு

சிலிபினிலிருந்து பீடோருக்கு முதல் பஸ். பழைய ஈயச் சுரங்கக் குளத்தின் வடக்கு ஓரம், கோரைக்குள் மிதக்கும் கூடு ஒன்று. முக்குளிப்பான். நான்கு முட்டை. என்னைக் கண்டதும் பறவை அழுகிய இலைகளை முட்டைகள் மேல் இழுத்துப் போட்டு மூடிவிட்டு, தண்ணீருக்குள் முங்கியது. காமிராவில் ஒரு படமும் தேறவில்லை.

குளம் இப்போது குத்தகையில் இருக்கிறது. எடுத்திருப்பவர் பத்துமலை, என் தங்கை பாப்பாவின் வீட்டுக்காரர். ரப்பர் தோட்ட வேலை போக மீன் வளர்க்கப் போகிறாராம். கோரையை முழுவதும் வெட்டிவிடுவார் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

அவரும் நானும் பேசி ஆறு வருடமாகிறது.

10 ஏப்ரல், செவ்வாய்

ஏன் பேசுவதில்லை என்று எழுதிப் பார்க்கிறேன். அவர்கள் கல்யாணத்தில் படம் எடுத்தது நான். வெளி ஆள் வேண்டாம் என்று அடம்பிடித்ததும் நான்தான். காமிராவுக்குள் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. முப்பத்தாறு முறை அழுத்தியிருக்கிறேன். தாலி முதல் பந்தி வரை ஒன்றும் இல்லை.

"நீங்க வேணும்னே செஞ்சீங்க மச்சான். இந்தக் கல்யாணம் உங்களுக்குப் புடிக்கல," என்றார்.

பிடிக்கவில்லை என்பது உண்மை. பால்மரம் வெட்டுகிறவனுக்கா என் தங்கை என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் நான், பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. ஆனால் படம் - அது கவனக்குறைவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அன்று வாய் வரவில்லை.

15 ஏப்ரல், ஞாயிறு

நேற்று வருடப் பிறப்பு. அதைச் சாக்கு வைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் போனேன். பாப்பா "அண்ணே" என்றாள், அழுதாள், தேநீர் போட்டாள். பத்துமலை வாசலில் பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கோரைய எப்ப வெட்டுறீங்க மாப்பிள்ளை?"

ஆறு வருடத்துக்குப் பிறகு என் முதல் வார்த்தைகள் இவை. வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.

"நாளைக்கு."

"ஒரு மாசம் தள்ளிப் போடலாமா? ஒரு பறவை முட்டை போட்டிருக்கு."

தீட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "எங்கிட்டப் பேசறதுக்கு உங்களுக்கு ஒரு வாத்து வேண்டியிருக்கு."

அது வாத்து இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். பாப்பா பார்த்த பார்வையில் தேநீரைக் குடித்தேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

கோரை வெட்டியாகிவிட்டது. வடக்கு ஓரத்தில் ஒரு பத்தடி மட்டும் நிற்கிறது. கூடு அதற்குள்.

சாக்கைப் போர்த்திக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். பன்னிரண்டு படம். எறும்புக்கடி எண்ணவில்லை.

26 ஏப்ரல், வியாழன்

கழுத்து ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று பெரிய கிராணி கேட்டார். வெயில் என்றேன்.

29 ஏப்ரல், ஞாயிறு

பொரித்துவிட்டன. உடம்பெல்லாம் வரிவரியாக மூன்று குஞ்சு, தாயின் முதுகில் சவாரி. நான்காவது எங்கே?

"நாலு லா மச்சான். ஒண்ணு றெக்கைக்குள்ள இருக்கு." பத்துமலை பின்னால் நின்றார். எப்போது வந்தாரோ.

"தெனம் பாக்குறீங்களா?"

"என் குளம். பாக்காம?"

பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன். "ஃபிலிம் மாட்டாதது என் கவனக்குறைவு, வேணும்னு செய்யல. உங்களப் பத்திப் பேசினது வேணும்னு பேசினதுதான். அதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாப் பேசுங்க. முங்கிடும்."

இது பதிலா? சிலிபினில் வந்து இறங்கும் வரை யோசித்தேன். தெரியவில்லை.

6 மே, ஞாயிறு

காய்ச்சல். போகவில்லை.

13 மே, ஞாயிறு

பாப்பா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். உடும்பு வந்து இரண்டு குஞ்சை எடுத்துவிட்டது. "அவரு மூணு நாளா வேலைக்குப் போகலண்ணே. கல்லும் கவட்டையுமா கரையிலயே உக்காந்திருக்காரு. உங்ககிட்ட நாலும் இருக்குன்னு சொல்லச் சொன்னாரு."

கரைக்குப் போனேன். தாய்ப்பறவைக்குப் பின்னால் இரண்டு நீந்தின.

"எத்தன இருக்கு மாப்பிள்ளை?"

"நாலும் இருக்கு. ரெண்டு கோரைக்குள்ள மேயுது."

முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் தாடி. கண் சிவந்திருந்தது.

"சரி," என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

3 ஜூன், ஞாயிறு

இரண்டும் தாமாகவே முங்கி மீன் பிடிக்கின்றன. பத்துமலையின் மீன். அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

24 ஜூன், ஞாயிறு

போன வாரமே பறவைகள் குளத்தை விட்டுப் போய்விட்டன. படம் எடுக்க ஒன்றும் இல்லை. போனேன். மத்தியானம் வரை வலை இழுத்தேன். நான் பிடிக்கும் விதத்தைப் பத்துமலை இரண்டு முறை திருத்தினார், மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

புறப்படும்போது, "பழைய சிலுவார் ஒண்ணு கொண்டாந்து இங்கயே போட்டு வைங்க மச்சான். வாராவாரம் ஈரத்தோட பஸ் ஏற வேணாம்," என்றார்.

பழைய கால்சட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.